பயத்துக்குக் காரணம் தேடும் மனசு

விழுப்புரம் ஜங்ஷனில் ஒரு ரயில் வந்து நிற்கிறது. ஐந்து பத்து நிமிடத்தில் கிளம்ப வேண்டிய வண்டி. அரை மணி நேரமாகியும் நகரவில்லை. அறிவிப்பும் இல்லை. பெட்டிக்குள் என்ன நடக்கும் என்று ரயிலில் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். "முன்னாடி தண்டவாளத்துல ஏதோ விரிசலாம்" என்பார் ஒருவர். "இல்லைங்க, யாரோ விழுந்துட்டாங்களாம்" என்பார் ஜன்னலோரத்தில் இருப்பவர். மூன்றாமவர் இன்னும் விவரமானவர். "மந்திரி வர்றாராம், அந்த வண்டிய முதல்ல விடுறாங்களாம்" என்பார்.

இந்த மூவரில் ஒருவரும் கீழே இறங்கிப் போய் யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ஆம்' ஒட்டிக்கொண்டிருக்கிறது. விரிசலாம், விழுந்துட்டாங்களாம், வர்றாராம்... சொல்பவருக்குப் பொறுப்பில்லை, கேட்பவருக்கும் ஆதாரம் தேவையில்லை. வதந்திக்கென்றே தமிழில் ஒரு விகுதி இருக்கிறது என்று சொல்லலாம்!

மனிதர்கள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? காரணம் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்க ஏன் முடிவதில்லை? இந்தக் கேள்விக்கு உளவியல் தந்த முக்கியமான பதில்களில் ஒன்று, அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரோடுதான் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. பி.காம் படிப்பவர்கள்கூட மார்க்கெட்டிங் பாடத்தில் அதைப் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தப் பதில் முளைத்த இடம் பீகார்.

1934ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி. மகர சங்கராந்தியை ஒட்டிய நாள். பிற்பகல் இரண்டு மணி தாண்டிச் சில நிமிடங்களில் நேபாளத்தையும் வடக்கு பீகாரையும் ஒரு பெரும் பூகம்பம் உலுக்கியது. இன்றைய கணக்குப்படி ரிக்டர் அளவில் ஏறத்தாழ 8. முங்கேர், முசாபர்பூர், தர்பங்கா போன்ற ஊர்கள் நொறுங்கிப் போயின. வயல்களில் பூமி பிளந்து மணலும் தண்ணீரும் பீய்ச்சி அடித்தன. பீகாரில் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

அந்த நேரத்தில் காந்தி அரிஜன யாத்திரையாகத் தென்னிந்தியாவில்தான் சுற்றிக்கொண்டிருந்தார். ஜனவரி 24ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனையே இந்தப் பூகம்பம் என்று சொன்னார். தாகூர் அதிர்ந்து போனார். இயற்கை நிகழ்வுக்கு இப்படி விளக்கம் சொல்வது மக்களின் பகுத்தறிவைக் கெடுக்கும் என்று பகிரங்கமாகவே மறுத்து எழுதினார். காந்தியும் அந்த மறுப்பைத் தன் 'ஹரிஜன்' பத்திரிகையில் வெளியிட்டு அதற்குப் பதில் சொன்னார். (இரண்டு பேருடைய பெருந்தன்மையும் இன்றைக்கு அபூர்வம்.) காந்தி சொன்னது வதந்தி அல்ல, அவருடைய நம்பிக்கை. தீண்டாமை ஒழிய வேண்டும் என்ற நோக்கமும் உயர்ந்ததுதான். ஆனாலும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. பேரழிவு என்றால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், அதுவும் அந்தப் பேரழிவின் அளவுக்குப் பெரிய காரணம் வேண்டும் என்று மனசு கேட்கிறது. எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்தப் பசி விடுவதில்லை.

சரி, பாமர மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள்? அதைப் பதிவு செய்ய ஒருவர் இருந்தார். பாட்னாவைச் சேர்ந்த ஜமுனா பிரசாத் என்ற உளவியல் அறிஞர். பூகம்பம் நடந்த கையோடு மக்களிடையே உலவிய வதந்திகளை அவர் சேகரிக்க ஆரம்பித்தார். எல்லோரும் நிவாரணப் பொருள்களைக் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவர் வதந்திகளைக் கணக்கெடுத்திருக்கிறார்! 1935ல் 'பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி' இதழில் அந்த ஆய்வு வெளியானது.

அவர் குறித்துவைத்த வதந்திகள் விசித்திரமானவை. பாட்னாவில் சில நாள்களில் கடும் புயல் அடிக்கப்போகிறதாம். நேபாள எல்லையிலிருந்து மதுபனியை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருகிறதாம். ஜனவரி 23 ஆபத்தான நாளாம், என்ன நடக்கும் என்றே சொல்ல முடியாதாம். சந்திர கிரகணத்தன்று இன்னொரு பெரிய பூகம்பம் வருமாம். கங்கையில் தண்ணீரே மறைந்து, குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துபோனார்களாம்.

எத்தகைய சூழ்நிலையில் வதந்தி பிறக்கிறது என்றும் பிரசாத் யோசித்திருக்கிறார். மனசைக் கலக்கும் நிகழ்வாக இருக்க வேண்டும். பழக்கமில்லாத நிகழ்வாக இருக்க வேண்டும். அதில் தெரியாத அம்சங்கள் நிறைய இருக்க வேண்டும். உடனே சரிபார்க்க முடியாத விஷயங்களும் இருக்க வேண்டும். தனி ஒருவனுக்கு மட்டுமின்றி ஊருக்கே அக்கறையுள்ள விஷயமாகவும் இருக்க வேண்டும். எண்பது வருடம் கழித்து வாட்ஸ்அப் காலத்தில் இந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் எதையும் மாற்றத் தேவை வராது. 1947ல் அமெரிக்காவின் கார்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மேனும் வதந்தியைப் பற்றி எழுதிய புத்தகம்தான் உலகப் புகழ் பெற்றது. விஷயத்தின் முக்கியத்துவமும் அதிலுள்ள தெளிவின்மையும் சேரும்போது வதந்தி பிறக்கிறது என்பது அவர்கள் வாய்பாடு. பிரசாத் சொன்னதன் சாரமும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பன்னிரண்டு வருடம் முந்தியது.

பிரசாத்தின் கட்டுரை பல வருடங்கள் நூலக அலமாரியில் கிடந்தது. 1951 வாக்கில் லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற இளம் அமெரிக்கப் பேராசிரியர் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தார். மக்களிடையே செய்தி பரவுவது பற்றி அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து ஆராயும் வேலை அவரிடம் வந்தது. அந்தக் குவியலில் பீகார் கட்டுரை ஒரு இடத்தில் இடறியது.

இடறிய இடம் இதுதான். பிரசாத் சேகரித்த வதந்திகள், பூகம்பத்தின் அதிர்வை உணர்ந்தும் இடிபாடுகளையும் பிணங்களையும் நேரில் காணாத பகுதி மக்களிடம் பரவியவை. அவர்கள் தப்பித்தவர்கள். நியாயமாகப் பார்த்தால் "அப்பாடா, நமக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று நிம்மதி தரும் பேச்சுதானே பரவ வேண்டும்? அதற்குப் பதில், இதைவிடப் பெரிய ஆபத்து வரப்போகிறது என்று பயமுறுத்தும் பேச்சு ஏன் பரவுகிறது? மனிதன் பயத்தை விரும்புகிறானா என்ன?

ஃபெஸ்டிங்கர் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பினார். அந்த வதந்திகள் பயத்தை உண்டாக்கவில்லை. பயம் ஏற்கெனவே இருந்தது. பூமி ஆடியபோது நெஞ்சில் புகுந்த பயம் வெளியேறவில்லை. ஆனால் சுற்றிப் பார்த்தால் வீடு அப்படியே நிற்கிறது, மாடு அசை போடுகிறது, பயப்பட ஒன்றுமில்லை. "நான் பயந்துபோயிருக்கிறேன்" என்ற உணர்வும் "பயப்பட ஒன்றுமில்லை" என்ற அறிவும் ஒரே மண்டைக்குள் ஒன்றோடொன்று மோதுகின்றன. இந்த மோதல் சகிக்க முடியாதது. பயத்தை நினைத்தவுடன் விரட்ட முடியாது. எனவே அறிவை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். புயல் வருகிறது, வெள்ளம் வருகிறது, கிரகணத்தன்று உலகம் கவிழும்... இப்போது பயத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. மனசு அமைதியாகிவிட்டது, பயத்தோடேயே!

இதைச் சோதிக்க அவருக்கு இன்னொரு இந்திய ஆய்வு கைகொடுத்தது. 1950ல் டார்ஜிலிங்கில் பயங்கரமான நிலச்சரிவு ஏற்பட்டது. அங்கே மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை துர்கானந்த் சின்ஹா ஆராய்ந்து 1952ல் அதே பிரிட்டிஷ் இதழில் எழுதினார். அழிவின் நடுவிலேயே இருந்த அந்த மக்களிடம், இதைவிடப் பெரிய அழிவு வரும் என்ற வதந்திகள் காணப்படவில்லை. அவர்களுக்கு எதற்கு வதந்தி? பயத்துக்கான காரணம்தான் கண்முன்னே கிடக்கிறதே.

இந்த இரண்டு இந்தியக் கட்டுரைகளுக்கு நடுவிலிருந்து எழுந்ததுதான் 'காக்னிட்டிவ் டிசொனன்ஸ்', அதாவது மன முரண்பாட்டுக் கொள்கை. 1957ல் ஃபெஸ்டிங்கர் அதைப் புத்தகமாக எழுதினார். தன் யோசனைக்கு முதல் பொறி பீகார் பூகம்ப வதந்திகள்தான் என்று அந்தப் புத்தகத்திலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் மறைக்கவில்லை, பாடப்புத்தகங்கள்தான் விட்டுவிட்டன. இந்தியாவில் அச்சாகும் மார்க்கெட்டிங் புத்தகங்களிலும் பிரசாத் பெயர் கண்ணில் படுவது அரிது என்பதுதான் வருத்தம்.

மார்க்கெட்டிங்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். விலை உயர்ந்த பொருளை வாங்கியவர், வாங்கிய பிறகுதான் அதன் விளம்பரங்களை ஆசையாகப் பார்க்கிறார். புதிதாகக் கார் வாங்கியவர்கள் மற்ற கார்களின் விளம்பரங்களைவிடத் தாங்கள் வாங்கிய காரின் விளம்பரங்களையே அதிகம் படித்தார்கள் என்று 1957ல் ஒரு ஆய்வு காட்டியது. பணம் போய்விட்டது, இனி அது நல்ல முடிவாகத்தான் இருந்தாக வேண்டும்! திண்டிவனத்தில் மனை வாங்கியவரிடம் அது தப்பான இடம் என்று சொல்லிப் பாருங்கள். பத்து வருடத்தில் அங்கே என்னென்ன வரப்போகிறது என்று பட்டியலே வாசிப்பார்.

1959ல் ஃபெஸ்டிங்கரும் மெரில் கார்ல்ஸ்மித்தும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் ஒரு மணி நேரம் சலிப்பூட்டும் வேலை வாங்கினார்கள். பிறகு அடுத்த ஆளிடம் "வேலை சுவாரசியமாக இருந்தது" என்று பொய் சொல்லச் சொல்லி, சிலருக்கு 1 டாலரும் சிலருக்கு 20 டாலரும் கொடுத்தார்கள். பின்னர் கேட்டால், 1 டாலர் வாங்கியவர்கள்தான் வேலை உண்மையிலேயே பரவாயில்லை என்றார்கள். 20 டாலர் வாங்கியவனுக்குப் பொய் சொன்னதற்குக் காரணம் பையில் இருக்கிறது. 1 டாலர் வாங்கியவன் காரணத்தை மனசுக்குள் தேட வேண்டியிருந்தது.

இந்தக் கொள்கை எல்லாச் சோதனையிலும் அப்படியே தேறியது என்று சொல்ல முடியாது. இதே வகைச் சோதனை ஒன்றை 2024ல் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரக்கணக்கானோரிடம் நடத்திப் பார்த்தன. தன் கருத்துக்கு எதிராக எழுதியவர்களின் கருத்து கொஞ்சம் மாறியது உண்மை. ஆனால் தானாக முன்வந்து எழுதியவர்களுக்கும் கட்டாயத்தில் எழுதியவர்களுக்கும் வேறுபாடு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. விவாதம் முடியவில்லை. ஆனால் காரணம் பின்னால் வந்து சேர்கிறது என்ற அடிப்படை யோசனைக்கு வேறொரு பக்கத்திலிருந்து ஆதரவு கிடைத்தது. மூளையிலிருந்து.

கடுமையான வலிப்பு நோய்க்காகச் சிலருக்கு மூளையின் இடது, வலது பாதிகளை இணைக்கும் நரம்புக் கற்றையை வெட்டிவிடுவார்கள். இத்தகைய நோயாளிகளைப் பற்றிய ஆய்வுக்குத்தான் ரோஜர் ஸ்பெர்ரிக்கு 1981ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மைக்கேல் கஸானிகா, ஜோசப் லெடூவுடன் சேர்ந்து 1970களில் செய்த சோதனை ஒன்று மறக்க முடியாதது. நோயாளியின் இடது மூளைக்கு மட்டும் தெரியும்படி ஒரு கோழிக் கால் படம். வலது மூளைக்கு மட்டும் தெரியும்படி பனி மூடிய வீட்டின் படம். பிறகு பல படங்களை வைத்து, பொருத்தமானதை எடுக்கச் சொன்னார்கள். ஒரு கை கோழியைக் காட்டியது, சரி. இன்னொரு கை மண்வாரியைக் காட்டியது. பனியை அள்ளத்தான். ஏன் மண்வாரி என்று கேட்டார்கள். பேசுவது இடது மூளை, அதற்குப் பனிப் படம் தெரியவே தெரியாது. "தெரியவில்லை" என்பதுதான் நேர்மையான பதில். ஆனால் அது கொஞ்சமும் தயங்காமல், கோழிக் கொட்டகையைச் சுத்தம் செய்ய மண்வாரி வேண்டும் என்றது!

அந்த நோயாளி பொய் சொல்லவில்லை. அதுதான் காரணம் என்று உண்மையிலேயே நம்பினார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து உலகப் புகழ் பெற்ற வி.எஸ்.ராமச்சந்திரனும் இதே போன்ற ஒன்றை விவரித்திருக்கிறார். பக்கவாதத்தால் இடது கை செயலிழந்த சில நோயாளிகள், கை நன்றாக இருக்கிறது என்றே சாதிப்பார்கள். அப்படியானால் தூக்குங்கள் என்றால், மூட்டு வலி என்று ஏதாவது ஒரு காரணம் உடனே வரும். மூளைக்குள் ஒரு செய்தி வாசிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார், தகவல் வராவிட்டாலும் செய்தி வாசித்தே தீருவார் என்று வைத்துக்கொள்ளலாம். விழுப்புரம் ஜங்ஷனில் நிற்கும் ரயிலுக்குள் பேசுபவரும் அவரேதான்.

ரயில் பேச்சு சில சமயம் ரயிலோடு நிற்பதில்லை. 1973 டிசம்பரில் ஜப்பானில், ரயிலில் போன பள்ளி மாணவிகள் சிலர், டொயோகாவா என்ற ஊரின் சிறு வங்கியில் வேலை கிடைத்திருந்த தோழியைக் கேலி செய்தார்கள். வங்கி வேலை ஆபத்து என்றார்கள், அதாவது கொள்ளைக்காரன் வருவான் என்ற அர்த்தத்தில். அந்தப் பெண் வீட்டில் அதைக் கேட்க, வீட்டார் இன்னொருவரைக் கேட்க, சில நாள்களில் "வங்கி ஆபத்தில் இருக்கிறது" என்று ஊரே வரிசையில் நின்று பணத்தை எடுத்தது. போலீஸ் பின்தொடர்ந்து விசாரித்து அந்த ரயில் பெட்டியில் போய் முடித்தது. அதே ஆண்டுதான் எண்ணெய் நெருக்கடி வந்து, மக்கள் ஏற்கெனவே கலங்கிப் போயிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பயம் முன்பே காத்திருந்தது. கேலிப்பேச்சு அதற்குக் காரணமாக மாட்டியது.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தாயிற்று. 2015 வெள்ளத்தின்போது சென்னையை ஒட்டிய முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று பரவியது. பண்ணை மறுத்தது. இதைவிடப் பெரிய மழை வரப்போவதாக நாசாவே சொல்லிவிட்டது என்றும் ஒரு செய்தி சுற்றியது. நாசா அப்படி எதுவும் சொல்லவில்லை. ஜனவரி 23ஐயும் சந்திர கிரகணத்தையும் பற்றிப் பேசிய பாட்னாக்காரர்களுக்கு நாசாவைத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 30 கொஞ்சம் வேறு மாதிரி. அதற்கு நான்கு நாள் முன்பு சுனாமி விழுப்புரம் மாவட்டக் கடற்கரையிலும் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிருந்தது. அன்று, மீண்டும் பேரலை வரலாம் என்று மத்திய உள்துறையே எச்சரிக்கை அனுப்பியது. ஓர் அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் கணிப்பை நம்பி அனுப்பப்பட்ட எச்சரிக்கை அது. கடலோர மக்கள் கையில் கிடைத்ததோடு ஓடினார்கள். மரக்காணம் கரையில் இருப்பவருக்கு உள்நாடு என்றால் திண்டிவனம் சாலைதான். அலை வரவில்லை. அந்தக் கணிப்பு அடிப்படையற்றது என்று மத்திய அறிவியல் அமைச்சரே அன்று சொன்னார். ஓடியவர்களைக் கேலி செய்வது எளிது. ஆனால் உண்மையான அலை வந்த அன்று ஒருவரும் எச்சரிக்கவில்லை என்பதை அவர்கள் மறந்திருக்க நான்கு நாள் போதாது. அது மூடத்தனம் அல்ல.

கேலி செய்ய முடியாத, மன்னிக்கவும் முடியாத ஒன்று 2018 மே மாதம் நடந்தது. வட இந்தியாவிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்து இறங்கியிருக்கிறது என்ற செய்தி வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் மூலம் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், போளூர் அருகே, சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. 65 வயதான அம்மா ஒருவர் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் அவர் இறந்துபோனார். கூட வந்தவர்களும் படுகாயமடைந்தார்கள். அதே நாள்களில் பழவேற்காட்டில் இன்னொரு ஆளும் கும்பலால் கொல்லப்பட்டார்.

பிரசாத்தின் பட்டியலை இங்கே வைத்துப் பாருங்கள். மனசைக் கலக்கும் விஷயம், சரிபார்க்க முடியாத விஷயம், ஊர் முழுவதற்கும் அக்கறையுள்ள விஷயம். எல்லாம் இருக்கிறது. ஃபெஸ்டிங்கர் சொன்னதும் இருக்கிறது. பிள்ளையை இழக்காதவர்கள்தான் அடித்தார்கள். கைபேசியில் வந்த பயத்துக்கு ஊரில் காரணமே இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. பாட்னாவில் காலியாக இருந்த இடத்தில் ஒரு புயலை வைத்தார்கள், ஒரு கிரகணத்தை வைத்தார்கள். அதனால் யாருக்கும் அடி விழவில்லை. இங்கே அந்த இடத்தில் ஒரு மூதாட்டி வைக்கப்பட்டார்.

படிப்பறிவு இல்லாததுதான் காரணம் என்று அப்போது பலர் சொன்னார்கள். அந்தச் செய்தியை முன்னனுப்பியவர்கள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்தான். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு ஆகும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம் என்று அது கண்டது. பரப்பியவை பெரும்பாலும் இயந்திர நிரல்கள் அல்ல, மனிதர்களே என்றும் கண்டது. ட்விட்டர் படிக்காதவர்களின் ஊடகம் அல்ல.

பிரசாத் 1950ல் இன்னொரு கட்டுரை எழுதினார். பீகார் வதந்திகளை, பழைய காலப் பூகம்பங்களைப் பற்றிய பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். கதைகள் ஒன்றுபோலவே இருந்தன. வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் முன்னனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது 2018 ஜூலையில். போளூரில் அந்தக் கார் வந்து நின்றது மே மாதத்தில்.